மேசைக்கு வந்து சேராத காகிதம்

கோபிச்செட்டிபாளையத்தை ஒட்டிய கரட்டடிபாளையத்தில் பிறந்தவர் ஜி.வி. லோகநாதன். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்து, கான்பூர் ஐ.ஐ.டி. வழியாக அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் சென்று முனைவர் பட்டம் பெற்றார். பிறகு வர்ஜீனியா மாநிலத்தின் பிளாக்ஸ்பர்க் என்ற சிறுநகரில் இருக்கும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டு பாடம் நடத்தினார். பெய்த மழை மண்ணில் எங்கே போகிறது, வெள்ளம் எப்போது எந்த அளவுக்கு வரும் என்று கணக்கிடும் நீரியல்தான் அவர் துறை. 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் கட்டடத்தின் 206ஆம் அறையில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் பலரும் அவரோடு இறந்தார்கள்.

அன்று அந்த வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் 32 பேர். காலை ஏழேகால் மணிக்கு விடுதியில் இருவர். இரண்டரை மணி நேரம் கழித்து நாரிஸ் ஹாலில் முப்பது பேர். அங்கே பத்து நிமிடத்தைச் சற்றே தாண்டிய நேரத்தில் 174 குண்டுகள் சுடப்பட்டன. சுட்டவர் அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த 23 வயது மாணவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையில் வரும் மற்றக் கொலையாளிகளின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. அதற்கான காரணம் கட்டுரையின் போக்கில் தெரியும்.

இப்படியொன்று நடந்தவுடன் அமெரிக்கா இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு தரப்பு துப்பாக்கியைக் குற்றம் சொல்லும். மறு தரப்பு மனநோயையும் குடும்பச் சிதைவையும் வீடியோ விளையாட்டையும் சொல்லும். இரண்டு வாதங்களையும் ஆண்டுக்கணக்கில் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. பல நிகழ்வுகளில், ஆபத்து என்னவென்பது சுடுவதற்கு வெகுமுன்பே யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த அந்தச் செய்தி துப்பாக்கி விற்கும் கடையின் மேசைக்கு வந்து சேர்வதில்லை. வழியில் அது எங்கே, யாரால், எந்தச் சட்டத்தால் தடைபட்டது என்று தேடிப் போனால், காரணங்களைப் பற்றிய விவாதமும் கட்டுப்பாட்டைப் பற்றிய விவாதமும் ஒரே இடத்தில் வந்து முட்டுவதைப் பார்க்கலாம்.

வர்ஜீனியா டெக் மாணவர் யார் கண்ணிலும் படாமல் இருந்து திடீரென்று ஒருநாள் வெடித்தவர் அல்ல. அவர் தன் வகுப்பில் இருக்கக் கூடாது என்று கவிஞர் நிக்கி ஜியோவானி துறையிடம் உறுதியாகச் சொல்லி அவரை வெளியேற்றினார். துறைத் தலைவராக இருந்த லுசிண்டா ராய் அவரைத் தனியே அழைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் எழுதியவற்றைக் கண்டு கவலைப்பட்டு நிர்வாகம், காவல் துறை, ஆலோசனை மையம் என்று பல கதவுகளைத் தட்டினார். மாணவிகள் அவர்மீது புகார் கொடுத்திருந்தார்கள். கடைசியில், தற்கொலை செய்துகொள்வதைப் பற்றி அவர் விடுதித் தோழருக்கு அனுப்பிய செய்தியால் காவலர்கள் வந்து அழைத்துப்போனார்கள். ஓர் இரவு மனநல மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். 2005 டிசம்பர் 14 அன்று சிறப்பு நீதிபதி ஒருவர், மனநோயின் காரணமாக இவரால் இவர் உயிருக்கே உடனடி ஆபத்து உண்டு என்று பதிவுசெய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி உத்தரவிட்டார். அன்றே பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போய்வந்தார். அதற்குப் பிறகு போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை.

அந்த உத்தரவின்படி அவர் துப்பாக்கி வாங்கத் தகுதியிழந்தவர். 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வர்ஜீனியா அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே கூட்டாட்சிப் பதிவேட்டுக்கு அனுப்பிவந்தது. வெளிநோயாளி என்ற ஒரு சொல்லால் அவர் பெயர் விடுபட்டது. 2007 பிப்ரவரியில் இணையம் வழியே ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, வளாகத்துக்கு எதிரே இருந்த அடகுக்கடையில் போய் எடுத்துக்கொண்டார். மார்ச் 13 அன்று ரோனோக் நகரில் இன்னொன்று வாங்கினார். இரண்டு முறையும் கடைக்காரர் பின்னணிச் சோதனை செய்தார். இரண்டு முறையும் தடையில்லை என்று பதில் வந்தது. கடைக்காரர்கள் சட்டத்தை மீறவில்லை.

ஆளுநர் டிம் கெய்ன் அமைத்த விசாரணைக் குழு அந்த ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆங்கிலத் துறைக்கு ஒன்று தெரியும், விடுதி நிர்வாகத்துக்கு வேறொன்று தெரியும், வளாகக் காவலர்களுக்கு மூன்றாவதொன்று தெரியும். மாணவரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று நினைத்து ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்தார்கள். அந்தச் சட்டத்தை அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்கிறது குழு. துண்டு துண்டாக எல்லாமே எழுதப்பட்டிருந்தது. துண்டுகளைச் சேர்த்துப் படிக்கும் வேலை மட்டும் யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

மனநோய்தான் காரணமா என்ற கேள்வியை இங்கே நேராகவே எதிர்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த விவாதத்தில் மிக அதிகமாக அநீதி இழைக்கப்படுவது மனநோயாளிகளுக்குத்தான். அவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். கடும் மனநோய்கள் அனைத்தையும் ஒரே நாளில் குணப்படுத்திவிட்டாலும் அமெரிக்காவின் வன்முறை ஏறத்தாழ நான்கு விழுக்காடுதான் குறையும் என்பது ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் முன்வைத்த மதிப்பீடு. 2000 முதல் 2013 வரை துப்பாக்கியால் தாக்கிய 63 பேரின் முன்கதையை எஃப்.பி.ஐ. ஆராய்ந்து 2018இல் வெளியிட்டது. அவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் மனநோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்திருந்தார். ஆனால் ஒவ்வொருவரிடமும், சுற்றியிருந்தவர்களைக் கவலைகொள்ளச் செய்த நடத்தைகள் சராசரியாக நான்கைந்து இருந்தன. நான்கில் மூன்று பேர் ஒரு வாரமோ அதற்கு மேலோ திட்டமிட்டிருந்தார்கள். ஆத்திரத்தில் கண்மூடித்தனமாகச் சுட்டுவிட்டார் என்று நாம் சொல்லிப் பழகிய கதை இதற்குப் பொருந்தவில்லை.

ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1966 முதல் பொது இடங்களில் நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ கொன்ற கொலையாளிகள் அத்தனை பேரின் வாழ்க்கையையும் தொகுத்தார்கள். திரும்பத் திரும்பத் தென்பட்ட கூறுகள் நான்கு. சிறுவயதில் பட்ட ஆறாத காயம். அண்மையில் நேர்ந்த ஒரு நெருக்கடி: வேலை போனது, உறவு முறிந்தது, அவமானப்பட்டது. முந்தைய கொலையாளிகளைத் தேடித் தேடிப் படித்தல். கைக்கெட்டும் துப்பாக்கி. இவற்றோடு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கொலையாளிகளில் பத்தில் ஏழு பேர் ஏற்கெனவே தற்கொலை எண்ணம் கொண்டிருந்தவர்கள், அல்லது அந்தத் தாக்குதலிலேயே செத்துப்போக நினைத்தவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் செய்யப்போவதை முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் துப்பாக்கியைச் சட்டப்படியே வாங்கியிருக்கிறார்கள். பள்ளிச் சிறுவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கூறுதான் நான் பெயர்களைத் தவிர்ப்பதற்குக் காரணம். வர்ஜீனியா டெக் மாணவர் இரண்டு தாக்குதல்களுக்கும் இடையில் அஞ்சலகம் போய், தன் படங்களையும் காணொளிகளையும் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். 1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரை அதில் தியாகிகள் என்றார். தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. சாகத் துணிந்த ஒருவருக்கு முகமும் பெயரும் கிடைக்கும் என்ற உறுதி, அடுத்தவரைத் தயார் செய்கிறது.

செய்தி மேசைக்கு வந்து சேராத கதை வர்ஜீனியாவோடு முடியவில்லை. 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவரின் பழம்பெரும் தேவாலயத்தில் வேதபாட வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியர் கொன்றார். போதைப்பொருள் வழக்கில் அவர் ஒப்புதல் அளித்திருந்ததால் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர். எஃப்.பி.ஐ. சோதனை அலுவலர், எந்தக் காவல் துறை கைது செய்தது என்று தேடித் தவறான அலுவலகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் விற்கலாம் என்பது சட்டம். மூன்று நாள் கழிந்தது. விற்றார்கள்.

2017 நவம்பர் 5 அன்று டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஞாயிறு வழிபாட்டில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் குழந்தையையும் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். அந்தத் தீர்ப்பை எஃப்.பி.ஐ.க்கு அனுப்ப வேண்டிய கடமை விமானப்படைக்கு இருந்தது. அனுப்பவில்லை. அந்தச் சாவுகளுக்கு அறுபது விழுக்காடு பொறுப்பு அரசுடையது என்று கூட்டாட்சி நீதிபதி 2021இல் தீர்ப்பளித்தார்.

2022 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஒரு மளிகைக் கடையில் பத்துக் கறுப்பினத்தவரைக் கொன்ற 18 வயது இளைஞரை, அதற்கு ஓராண்டு முன்பே காவலர்கள் மனநலப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். கொன்றுவிட்டுத் தானும் சாவதைப் பற்றிப் பள்ளி வேலையொன்றில் எழுதியிருந்தார். ஆபத்தானவர் எனத் தெரிந்தால் நீதிபதியிடம் மனுக்கொடுத்து அவர் துப்பாக்கி வாங்குவதைத் தற்காலிகமாகத் தடுக்கும் ‘ரெட் ஃப்ளாக்’ சட்டம் அங்கே இருந்தது. யாரும் மனுக்கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் 18 பேரைக் கொன்ற ராணுவ ரிசர்வ் வீரரைப் பற்றி அவருடைய குடும்பமும் சக வீரர்களும் பல மாதங்களாக எச்சரித்துவந்தார்கள். மாவட்டக் காவல் அதிகாரிகள் போய்க் கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை என்று திரும்பிவந்தார்கள்.

இத்தனை முறை தவறும் ஒரு ஏற்பாட்டை அலட்சியம் என்ற சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது. அமெரிக்காவில் துப்பாக்கிக்கான பதிவேடு வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்டிருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கி வைத்திருப்போரின் தேசியப் பட்டியலைக் கூட்டாட்சி அரசு உருவாக்குவதைத் தடைசெய்தது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில், குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று தேடித்தரும் அரசு மையம் இருக்கிறது. மூடப்பட்ட கடைகளின் விற்பனைச் சீட்டுகள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து குவிகின்றன. பெயரைத் தட்டித் தேடும் கணினி வசதியைச் சட்டம் அனுமதிக்காததால், ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். உலகத்தையே தேடுபொறியால் துழாவும் நாட்டில் இப்படி ஓர் அறை இருப்பதை முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

அந்த அறைக்குப் பின்னால் இருக்கும் அச்சத்தைக் கேலி செய்து ஒதுக்கவும் நான் தயாரில்லை. பட்டியல் இருந்தால் ஒருநாள் பறிமுதல் வரும் என்று இலட்சக்கணக்கானோர் உண்மையாகவே நம்புகிறார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்த பிறகே அவர்கள்மேல் வெறிக்கும்பல்கள் பாய்ந்தன. அந்த நினைவு பொய்யல்ல. காவல் நிலையம் முப்பது நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கும் பண்ணை வீட்டில் தனியாக இருப்பவரிடம், காவலர் வந்து காப்பார் என்று சொல்வதில் பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதரைக் காக்கும் அரசியல் சட்டக் கடமை காவல் துறைக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2005இல் சொல்லியிருக்கிறது. 2022 மே 24 அன்று டெக்சாஸின் உவால்டே நகரில், 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுடப்பட்டுக் கிடந்த வகுப்பறைகளுக்கு வெளியே காவலர்கள் 77 நிமிடம் காத்திருந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் முந்நூற்றுக்கும் மேல். தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாதிடுபவருக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது.

ஆனால் உவால்டே இன்னொன்றையும் சொல்கிறது. மே 16 அன்று அந்த இளைஞருக்குப் பதினெட்டு வயது முடிந்தது. மறுநாள் ஒரு ரைஃபிள் வாங்கினார். அதற்கு மறுநாள் 375 தோட்டாக்கள். இருபதாம் தேதி இன்னொரு ரைஃபிள். இருபத்துநான்காம் தேதி பள்ளிக்குப் போனார். பிறந்தநாளுக்கும் கொலைக்கும் இடையே எட்டே நாள். அவரைத் தடுக்கும் காகிதம் எதுவும் எங்கும் இல்லை. என் வாதத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. லாஸ் வேகஸில் 2017 அக்டோபர் 1 அன்று விடுதியின் 32ஆம் மாடியிலிருந்து இசை விழாக் கூட்டத்தின்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டவருக்கு முன்குற்றமோ மனநலப் பதிவோ கிடையாது. அவர் ஏன் சுட்டார் என்று விசாரணையால் இறுதிவரை சொல்ல முடியவில்லை. முந்தைய ஓராண்டில் முப்பதுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் வாங்கியிருந்தார். ஒரே வாரத்தில் ஒருவர் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ரைஃபிளுக்கு அந்த விதி மெக்சிகோ எல்லையோர மாநிலங்களில் மட்டும்தான். அறுபது பேர் இறந்தார்கள்.

மனத்தைப் படிக்க முடியாத இடத்தில் ஆயுதத்தைத்தான் பார்க்க வேண்டும். மேகசின் என்று சொல்லும் தோட்டாக்கூட்டின் அளவு பற்றிய வாதம் வெளியே இருப்பவருக்கு அற்ப நுணுக்கமாகத் தெரியலாம். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில், நாடாளுமன்ற உறுப்பினர் காப்ரியேல் கிஃபர்ட்ஸைத் தலையில் சுட்டவரின் மேகசினில் 33 குண்டுகள் கொள்ளும். அது காலியாகி அடுத்ததை மாட்ட முயன்ற அந்தச் சில நொடியில்தான் அங்கிருந்தவர்கள் பாய்ந்து அவரைப் பிடித்தார்கள். பத்துக் குண்டுகளே கொள்ளும் மேகசினாக இருந்திருந்தால் அந்த நொடி எத்தனை பேருக்கு முன்னால் வந்திருக்கும்? 1994 முதல் 2004 வரை பத்துக்கு மேற்பட்ட குண்டுகள் கொள்ளும் புதிய மேகசின்களைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்திருந்தது. காலக்கெடு முடிந்ததும் அது புதுப்பிக்கப்படவில்லை.

எந்தச் சட்டம் எவ்வளவு உயிரைக் காக்கும் என்று இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததற்குக் காரணமும் ஒரு சட்டம்தான். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993இல் எழுதினார்கள். பணம் தந்தது சி.டி.சி. என்ற நோய்க் கட்டுப்பாட்டு மையம். 1996இல் ஆர்கன்சாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி முன்வைத்த திருத்தம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பரப்ப அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்றது. கூடவே 26 இலட்சம் டாலர், அதாவது அந்த ஆராய்ச்சிக்குச் செலவான அதே தொகை, பிடுங்கப்பட்டது. ஆராய்ச்சியைத் தடைசெய்கிறோம் என்று எங்கும் எழுதவில்லை. அஞ்சிய அதிகாரிகள் இருபது ஆண்டுக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. டிக்கி பின்னாளில் மனம் மாறினார். எதிரணியில் இருந்த சி.டி.சி. அறிவியலாளர் மார்க் ரோசன்பர்கோடு சேர்ந்து, ஆராய்ச்சி வேண்டும் என்று 2012இல் செய்தித்தாளில் எழுதினார். பணம் திரும்ப ஒதுக்கப்பட்டது 2019 இறுதியில். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

இதில் தமிழ் வாசகர் அருகிருந்து புரிந்துகொள்ளக்கூடிய ஒன்று உண்டு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்தது. பத்தாண்டில் விகிதம் பாதியானது. வறுமையோ போரோ மனவேதனையோ பாதியாகிவிடவில்லை. கைக்கெட்டிய பொருள் மாறியது. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலைகள். கூட்டத்தின்மீது சுடும் நிகழ்வுகளில் இறப்போர் அந்த எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்கு அளவே. ஆனால் அப்படிச் சுடுபவர்களில் பெரும்பாலோர் தாமும் சாகத் தயாராக வந்தவர்கள் என்பதை நினைத்தால், இரண்டும் தனித்தனி நோய்கள் அல்ல. காத்திருக்கும் காலம், வயது வரம்பு, பூட்டிவைக்கும் கட்டாயம், உரிமம் எல்லாமே எண்ணத்துக்கும் ஆயுதத்துக்கும் நடுவே கொஞ்சம் நேரத்தைக் கொண்டுவந்து வைக்கும் வேலைகள்.

ஆஸ்திரேலியாவைப் பின்பற்றலாம் என்று சொல்வது எளிது. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும், பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்ட் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்து ஆறரை இலட்சம் ஆயுதங்களை விலைகொடுத்து வாங்கினார். அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் மதிப்பிட்டார்கள். தலைக்கு ஒன்றுக்கும் மேல். 1791இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் துப்பாக்கி வைத்திருக்கும் தனிமனித உரிமையைத் தருகிறது என்று 2008 ஹெல்லர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 புரூவன் தீர்ப்பு, எந்தக் கட்டுப்பாட்டுக்கும் நாட்டின் பழைய வரலாற்றில் ஒப்புமை காட்ட வேண்டும் என்றது. ஆனாலும் ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியாவே இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று எழுதியிருக்கிறார். 2024இல், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை எட்டு நீதிபதிகள் ஏற்றார்கள், ஒருவர் மறுத்தார். கதவு முழுக்க மூடவில்லை. ஆபத்தானவர் என்று ஒரு நீதிபதி முறையாக விசாரித்துச் சொன்னால், அந்தச் சொல் மேசையை எட்டலாம்.

குற்றம் செய்ய நினைப்பவன் சட்டத்துக்கு அடங்கமாட்டான், அடங்குபவர்களைத்தான் சட்டம் கட்டிப்போடும் என்பது இந்த விவாதத்தில் மிக அதிகமாகக் கேட்கும் வாதம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வர்ஜீனியா டெக் மாணவரின் இரண்டாவது துப்பாக்கி நினைவுக்கு வருகிறது. ஒருவர் முப்பது நாளில் ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அப்போது வர்ஜீனியாவின் சட்டம். 1993இல் இயற்றியது. 32 பேரைக் கொல்லப்போகும் மனிதர் பிப்ரவரி 9 அன்று முதல் துப்பாக்கியை எடுத்துவந்த பிறகு, அந்த முப்பது நாளும் காத்திருந்தார். கடைக்காரர் கேட்பார், கணினி காட்டிக்கொடுக்கும் என்பதால் காத்திருந்தார். மேசையை எட்டிய ஒரே விதி அது, அதற்கு அவர் கட்டுப்பட்டார். பெயர்ப் பட்டியலில் இருந்த ஓட்டையை ஆளுநர் கெய்ன் அதே ஏப்ரல் முடிவதற்குள் ஓர் ஆணையால் அடைத்தார். 2004இல் கூட்டாட்சிப் பதிவேட்டில் சுமார் 1,26,000 ஆக இருந்த மனநலப் பதிவுகள் 2011இல் 12 இலட்சமாயின. மாதத்துக்கு ஒன்று என்ற சட்டத்தை வர்ஜீனியா சட்டமன்றம் 2012இல் நீக்கியது. நாரிஸ் ஹாலில் லோகநாதனும் மாணவர்களும் இறந்து அப்போது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 2020இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள்.